நான் பயிற்சி கொடுத்தேன், சேகருக்குப் பேர் வந்தது

எஸ்டேட் கிளினிக்கில் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: டாக்டருக்குப் படிக்காமலே டாக்டர் வாங்க வேண்டிய திட்டையெல்லாம் வாங்கும் வேலை அது. ஆனாலும் ஒரு சுகம் இருந்தது. யாருக்கு என்ன ஆனாலும் நம் வாசலுக்குத்தான் ஓடி வருவார்கள். அந்தச் சுகத்தை என் கையாலேயே நான் கெடுத்துக்கொண்ட கதையைத்தான் சொல்லப் போகிறேன். உங்களிலும் சிலருக்கு இது நடந்திருக்கும். வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள்.

மேனேஜரின் நல்ல மனசு

எண்பதுகளில் மலேசியாவில் கோலா கிளாவாங் பக்கம் மலையடிவாரத்து எஸ்டேட் ஒன்றில் இருந்தேன். சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் மலைப் பாதையின் வளைவுகளையெல்லாம் தாண்டியாக வேண்டும். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் அது வந்து சேர்வதற்குள் இங்கே பாதி உயிர் போய்விடும். அதனால் தொழிலாளர்களிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, பரீட்சை வைத்து, சான்றிதழோடு ஒரு முதலுதவிக் குழு அமைக்க வேண்டும் என்று மேனேஜர் முடிவு செய்தார். பயிற்சி கொடுக்கிற பொறுப்பு என்னுடையது. பரீட்சைக்கு மட்டும் சிரம்பானிலிருந்து ஒருவர் வந்தார்.

தேறியவர்களுக்கு ஆளுக்கொரு சிவப்புப் பட்டி, சட்டைக் கையில் கட்டிக்கொள்ள. அவர்களில் ஒருவன்தான் சேகர், எஸ்டேட் லோரி டிரைவர். தலையில் எண்ணெய் மின்னும், பாக்கெட்டில் சீப்பு இருக்கும். பட்டியைக் கட்டிக்கொண்டு லோரிக் கண்ணாடியில் தன்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். மேனேஜருக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாக வரும். 'நீ' தவிர வேறு மரியாதை மட்டும் வராது. என் தோளைத் தட்டிச் சொன்னார்:

"டிரெஸ்ஸர், இனிமே நீ நல்லா தூங்கு. உன்னெ யாரும் கூப்புட மாட்டான்."

கோபிஸ் கட்டு

முதலில் வந்தவள் மாரியாயி, பாலுக்காக ரப்பர் மரம் வெட்டுகிறவள். உளி நழுவிக் கட்டைவிரலில் பட்டிருந்தது. சேகர் போட்ட கட்டு ஒரு கோபிஸ் அளவுக்கு, முழு முட்டைக்கோஸ் அளவுக்கு, இருந்தது. ஒரு விரலுக்கு இவ்வளவு துணியா என்று எனக்கு வயிறு எரிந்தது. "உளியைப் பிடிக்கும்போது எங்கே பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தாய்?" என்று கேட்டுக்கொண்டே கட்டைப் பிரிக்கப் போனேன். அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ, பிரிச்சிராதீங்கய்யா! சேகரு கட்டுனது லா. லயத்து வீடுகள்ல இன்னும் பாதிப் பேரு பாக்கல."

சீட்டு ஐயா

கொஞ்ச நாளில் என் கிளினிக் வாசலில் பெஞ்சு காலியாகவே கிடந்தது. வருகிறவர்களும் கட்டோடும் மருந்தோடும்தான் வந்தார்கள். வேலைக்குப் போகாமலிருக்க டிரெஸ்ஸர் எழுதித் தரும் சீட்டு வேண்டுமே, அதற்காக! அந்த அதிகாரம் மட்டும் சேகரிடம் இல்லை. அந்த ஒரு விஷயத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தை இங்கே எழுதினால் நீங்கள் என்னை மதிக்க மாட்டீர்கள்.

கணுக்கால் பிசகிய ரெங்கன் நொண்டிக்கொண்டு வந்தான். குடித்துவிட்டுச் சாக்கடையில் விழுந்திருப்பான் என்று அவனிடமே சொல்லிவிட்டுக் காலைத் தூக்கி வைக்கச் சொன்னேன். தூக்கவில்லை. கையை மட்டும் நீட்டினான்.

"காலெல்லாம் சேகரு பாத்துட்டாருங்க. ஐயா சீட்ட மட்டும் எழுதுனா போதும்."

தீமிதி

மாரியம்மன் கோயில் தீமிதியன்று என் பேரை மீட்டுவிடலாம் என்று நினைத்தேன். தீக்குழிக்குப் பக்கத்திலேயே மேசை போட்டேன். வெள்ளைத் துணி விரித்துத் தீக்காய மருந்தை வரிசையாக அடுக்கினேன். கடைசி ஆள் இறங்கி முடித்ததும் மைக்கை வாங்கி, "யாருக்கெல்லாம் கால் சுட்டிருக்கிறதோ அவர்களெல்லாம் இங்கே வரலாம்!" என்று அறிவித்தேன். ஓர் ஆள்கூட வரவில்லை. கால் தரையில் பாவாமல் நடந்தவர்கள்கூட என் மேசையைக் கண்டதும் நிமிர்ந்து நடந்தார்கள்.

கோயிலுக்குப் பின்னால் போய்ப் பார்த்தால், குழாயடியில் சேகர் பெரிய பேசின்களில் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறான். "வாங்கண்ணே, காலைக் கழுவிட்டு அப்படியே கொஞ்சம் உக்காருங்க" என்கிறான். அவ்வளவு பேரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். கழுவின காலைத் துடைக்கிற சாக்கில் அவன் மருந்தும் தடவிக்கொண்டிருந்தான். அதுவும் என் கிளினிக் மருந்து! கோயில் தலைவர் என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"கால் சுட்டுச்சுன்னா விரதம் சரியில்லன்னு அர்த்தம். ஒங்களுக்குத் தெரியாதா? விரதத்தக் கெடுத்தவன்லாம் வரிசையா வாங்கடான்னு மைக்குல கூப்புட்டா எவன்யா வருவான்?"

நிற்காத லோரி

இது சிரிக்கிற விஷயமில்லை. ரப்பர் ஸ்டோரில் ஷீட் உருட்டும் மிஷினில் பெருமாளின் கை மாட்டிக்கொண்டது. செய்தி வந்ததும் பையைத் திறந்து, ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். சேகரின் லோரி வந்தது. என்னைத் தாண்டி, சிரம்பான் பக்கமாகப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. பின்னால் சிவப்புப் பட்டிக்காரர்கள் இரண்டு பேர் பெருமாளின் கையைத் துணியோடு அழுத்தித் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

கை பிழைத்துக்கொண்டது. நேரத்தோடு கொண்டுவந்தீர்கள் என்று ஆஸ்பத்திரி டாக்டரே பாராட்டினாராம். பெருமாளுக்குப் பிள்ளைகள் நிறைய. அந்தக் கை போயிருந்தால் குடும்பமே போயிருக்கும். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நிம்மதிக்கு முன்னால் பொறாமை வந்து நின்றுவிட்டது, அதை நான் என்ன செய்ய? மறுநாள் சேகரைக் கூப்பிட்டு, "டிரெஸ்ஸர் ஒருத்தன் வாசலில் நிற்கிறேன், உன் கண்ணுக்குத் தெரியவில்லையா?" என்று கேட்டேன். பட்டியைச் சரிசெய்துகொண்டே பதில் சொன்னான்.

"நீங்கதானய்யா கிளாஸ்ல சொன்னீங்க, ரத்தம் போறப்ப எவனுக்காகவும் வண்டிய நிறுத்தாதன்னு."

என் வீட்டு அடுப்படி

எஸ்டேட்டே போனாலும் வீடு என்று ஒன்று இருக்கிறதே என்றிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி கஞ்சி வடிக்கும்போது பானை சரிந்து பாதத்தில் கொட்டிவிட்டது. அலறல் கேட்டுப் பையோடு ஓடினேன். இத்தனை நாள் கழித்து எனக்கென்று ஒரு நோயாளி! "அடுப்படியில் நிற்கும்போது கண்ணை எங்கே வைத்திருந்தாய்? ஒரு பானையைப் பிடிக்கத் தெரியாதா?" என்று கேட்டபடியே காலில் தண்ணீரை ஊற்றினேன். சரியாகத்தான் ஊற்றினேன். எந்த டாக்டரும் அதில் குறை சொல்ல முடியாது.

அவள் காலை இழுத்துக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு, ஜன்னல் வழியாக அடுத்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, சேகர் தம்பியை வரச் சொல்லு என்றாள். கையில் செம்போடு நின்றேன். "நான் இங்கே எதற்கு இருக்கிறேன்?" என்று கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தத் தம்பி மொதல்ல 'வலிக்குதாம்மா'ன்னு கேக்கும்ங்க."

ஆகவே, முதலுதவிக் குழு அமைக்கப் புறப்படும் டிரெஸ்ஸர்மார்களே, தெரிந்ததையெல்லாம் தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள், ஆனால் அதை உங்கள் மனைவிக்குத் தெரியாமல் செய்யுங்கள்.