சித்தப்பா கழற்றாத சட்டை

சித்தப்பாவை நினைத்தால் முதலில் கண்ணில் நிற்பது, கழுத்துவரை பொத்தான் போட்ட அந்த வெள்ளைச் சட்டைதான். பாலக்காட்டுக்குக் கிழக்கே எங்கள் ஊர்க் கோயிலில், ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தேரன்று எல்லோருக்கும் முன்னால் வெற்றுமார்போடு நிற்கிற மனிதர், ஒரு வருடம் வெளியே ஆலமரத்தடியிலேயே நின்றுகொண்டார். "ஏனுங்க சித்தப்பா, சாமிகூடச் சண்டையா?" என்று அண்ணன் சீண்டினான். "என்ற தொப்பையப் பாத்தா அம்மனுக்கே சிரிப்பு வருதாமா, கண்ணு" என்றார். அப்பா திடீரென்று இறந்துபோன பிறகு எங்களை ஆளாக்கியவர், அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. அவர் ஒன்று சொன்னால் அதற்குமேல் நாங்கள் கேட்டதே இல்லை.

அவர் மகள் பாப்பாவின் கல்யாணத்தில், சாம்பார் வாளியோடு பந்திக்குப் பந்தி ஓடியவன் அண்ணன். மறு கோடையில், அறுத்த வயலில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தவன் பந்தை எடுக்கக் குனிந்தான், நிமிரவில்லை. சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான்தான் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தேன்.

பிறகு எனக்கும் தலை சுற்றியது. கோயமுத்தூர் டாக்டர் என் ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். "முன்னெல்லாம் ஆள் விழுந்த பிறகுதான் காரணம் தேடுவோங்க. இப்ப விழறதுக்கு முன்னாடியே எழுத்தெழுத்தாப் படிச்சுப் பாத்துடலாம்" என்றார். இதயத் தசை தடிக்கிற பரம்பரை நோய். ஒரே ஒரு மரபணுவில் பிழை. ஒருவருக்குத் தெரிந்தால் ரத்த உறவுகள் எல்லோரையும் சோதித்து, வேண்டியவர்களைக் காப்பாற்றப் பார்க்கலாமாம். இதயத் துடிப்பு தடம் மாறினால் அதிர்வு கொடுத்து மீட்கும் சிறு கருவியை என் காறையெலும்புக்குக் கீழே வைத்துத் தைத்தார்கள்.

ஊருக்கு வந்து, நெஞ்சில் மேடிட்டிருந்த அந்த இடத்தைச் சித்தப்பாவிடம் காட்டினேன். அவர் தன் பொத்தான்களை அவிழ்த்தார். அதே இடத்தில் அதே மேடு.

"எப்பங்க வெச்சாங்க?"

"பாப்பா கல்யாணத்துக்கு முன்னாடி."

"எங்களையும் கூட்டிட்டு வரச் சொல்லலீங்களா?"

"சொன்னாங்க கண்ணு. நெஞ்சுக் கோளாறு இருக்கற ஊடுன்னு தெரிஞ்சா அவள ஆரு கட்டுவா? கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். அப்பறம், ஒரு கொளந்த பொறக்கட்டும்னு..."

"பாப்பாவுக்காவது தெரியுங்களா?"

அவர் பொத்தானைத் திரும்பப் போடத் தொடங்கினார்.

பாப்பாவிடம் நான்தான் சொன்னேன். அவளுக்கும் இருக்கிறது, மருந்தில் இருக்கிறாள். அப்பனோடு பேசுவதில்லை.

இந்த வருடத் தேருக்குச் சட்டையைக் கழற்றிக்கொண்டு வாசலில் நின்றேன். "நெஞ்சுல என்னங்க தம்பி?" என்றார் ஒருவர். "எங்க ஊட்டுக் கோளாறுங்க. ரத்தத்தச் சோதிச்சாத் தெரியும். எங்க அண்ணனுக்குத்தான் ஆரும் சொல்லல" என்றேன், ஆலமரம்வரை கேட்கும்படி. அங்கே நின்ற சித்தப்பாவின் கை, மெல்ல மேலே போய்க் கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.