அத்தையும் என் தோள் குலுக்கலும்

எனக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது, யார் எதைக் கேட்டாலும் தோளைக் குலுக்குவதுதான் என் பதில். கூடவே கண்களையும் மேலே உருட்டுவேன். சாப்பிட்டாயா என்றாலும் அதுதான், பரீட்சை எப்படி என்றாலும் அதுதான். அப்பா பார்க்காததுபோல் இருந்துவிடுவார். அம்மாவால் அது முடியாது.

அந்த ஐப்பசியில் அப்பாவின் அக்கா, என் அத்தை, கோவில்பட்டியிலிருந்து அடையாறில் எங்கள் வீட்டுக்கு வந்தார். இடது மார்பில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. அந்தப் பக்கத்துக் கையைத் தூக்க முடியவில்லை. மேல் வைத்தியத்துக்காக மூன்று மாதம் தங்க வேண்டும். என் அறையைக் கொடுத்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் தோளுக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சியை வலிக்குப் பயந்து அத்தை செய்வதே இல்லை என்று அம்மா அப்பாவிடம் புலம்புவது காதில் விழும். எனக்கென்ன என்று இருந்தேன்.

மழை விட்டும் விடாத பிற்பகல்கள். ஜன்னலுக்கு வெளியே நின்ற வாதாமரம் வெளிச்சத்தைப் பச்சையாக்கி அனுப்பும். அறையே தண்ணீருக்குள் கிடப்பதுபோல் இருக்கும். ஒருநாள் சார்ஜரை எடுக்க உள்ளே போனேன்.

"பள்ளிக்கூடம் எப்படிட்டி போச்சு?" என்றார் அத்தை.

குலுக்கினேன்.

பின்னால் வந்த அம்மா கையை ஓங்கிவிட்டாள். "பெரியவங்க கேக்குறாங்க, வாயில என்ன கொழுக்கட்டையா? உடம்பு முடியாதவங்ககிட்டயும் இந்தத் திமிரா?"

"விடு, அடிக்காத," என்ற அத்தை என்னைப் பார்த்தார். "ஏட்டி, இன்னொருவாட்டி செஞ்சு காட்டு."

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். வேண்டுமென்றே காதைத் தொடும்படி தூக்கினேன். அத்தையும் தூக்கினார். வலது தோள் ஏறியது. இடது தோள் லேசாக அசைந்து நின்றுவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு, "கண்ணையும் உருட்டணுமோ?" என்றார். சிரித்துவிடக் கூடாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதன் பிறகு தினமும் பள்ளி விட்டதும் அவர் முன்னால் போய் நின்றேன், அவரைத் தோற்கடிக்கத்தான். பேச்சே இருக்காது. நான் தூக்குவேன், அவர் தூக்குவார். சில நாள் அவர் கண்ணோரம் நீர் கோத்திருக்கும். நான் இன்னும் உயரத் தூக்குவேன்.

தை பிறந்து அத்தை ஊருக்குக் கிளம்பினார். எழும்பூரில் ரயில் நகர்ந்தபோது ஜன்னலுக்குள்ளிருந்து இடது கையைத் தலைக்குமேல் உயர்த்தி எங்களுக்கு ஆட்டினார். அம்மா அங்கேயே நின்று தேம்பித் தேம்பி அழுதாள்.

ஊருக்குத்தானே போகிறார், இதற்கு எதற்கு இவ்வளவு அழுகை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.