தலைக்காசு

இங்கே மழை பெய்தால் யாரும் சந்தோஷப்படுவதில்லை. சிவகங்கைப் பக்கத்து வறட்சியில் வளர்ந்து, பெண் எடுத்த வகையில் மலேசியா வந்த எனக்கு, அது பழகவே ஒரு வருஷமாயிற்று. மழையில் ரப்பர் மரம் சீவ முடியாது. சீவாவிட்டால் அன்றைய கூலி இல்லை. அதனால் மழை நாளில்தான் தோட்டத்துச் சனங்கள் பஸ் பிடித்து குவாலா சிலாங்கூரில் எங்கள் அலுவலகத்துக்கு வருவார்கள். ஓய்வுக்காலச் சேமிப்பை வாங்கி முதலீடு செய்யும் தனியார் நிறுவனம் அது. நான் அங்கே கணக்கு எழுதும் கிராணி.

வீரம்மாவும் அப்படி ஒரு நாளில்தான் வந்தார். ஈஜோக் பக்கம் மரம் சீவுகிறவர், கணவர் இல்லை. தோட்டத்தை விற்கப்போகிறார்கள், தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலிசெய்ய வேண்டும், கம்பத்தில், அதாவது பக்கத்துக் கிராமத்தில், ஒரு பலகை வீடு விலைக்கு வருகிறது, என் சேமிப்பு முழுவதையும் கொடுங்கள் என்றார். கொடுத்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் வருமானமே, சேர்ந்து கிடக்கும் மொத்தப் பணத்தில் வருஷந்தோறும் எடுக்கும் ஒரு பங்குதான். போட்டிக்கு வந்த இன்னொரு நிறுவனம் கட்டணம் குறைவு என்று சொல்லி ஆட்களை இழுத்துக்கொண்டிருந்தது. எங்கள் மேனேஜரும் கட்டணத்தைக் குறைத்தார். லாபம் அதிகம் காட்ட வேண்டுமென்று பணத்தைப் பங்குச் சந்தையில் கொட்டினார். யாரையும் வெளியே விடாதே என்று என்னிடம் கறாராகச் சொன்னார். "ஒரு வருஷம் பொறுங்கம்மா, வீட்டுக்கு மேல கொஞ்சம் மிச்சமே இருக்கும்" என்றேன். தமிழ்நாட்டிலிருந்து வந்த பையன் சொல்கிறான் என்று நம்பிப் போனார்.

அடுத்த வருஷம் சந்தை விழுந்தது. மிஞ்சிய தொகையைத் தலைகுனிந்தபடி சொன்னேன். வீடு வாங்க அது போதாது. அவர் திட்டவில்லை.

"எனக்கே இவ்ளோ போச்சுன்னா, ஒங்களுக்கும் கூலி கெடச்சிருக்காதே தம்பி."

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "எங்க பங்கை எடுத்துட்டோம்மா. நஷ்டம் வந்தாலும் எடுப்போம். ஆளுங்க கணக்கை முடிச்சிட்டுப் போனாத்தான் எங்களுக்குப் பெரிய அடி."

"தலைக்காசு மாதிரி லா. எங்கப்பாவ கப்பல்ல கூட்டியாந்த கங்காணிக்கு, வேலைக்கு எறங்குற ஒவ்வொரு தலைக்கும் தெனமும் காசு. ஆள் போனா அது போயிரும்னு அப்பாவ ஊருக்கே விடல. இங்கயே செத்தாரு." பிறகு, "தம்பிக்கு எந்த ஊரு?" என்றார்.

"சிவகங்கைப் பக்கம்."

"அந்தக் கங்காணியும் அந்தப் பக்கந்தான்."

கோபமே இல்லாமல் சொன்னார். மிச்சப் பணத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு மழையில் இறங்கிப் போனார். இப்போது ரவாங்கில் யாரோ உறவினர் வீட்டில் ஒண்டிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. அந்தக் கங்காணியை நான் பார்த்ததில்லை. ஆனாலும் யாராவது பணம் கேட்டு வந்து, நான் "பொறுங்கள்" என்று வாயெடுக்கும்போதெல்லாம், பேசுவது அவர்தானோ என்று பயமாக இருக்கிறது.

போன மாதம் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பெட்டியை வாங்கிக்கொண்டு தெருக்காரர்கள் கூடவே நடந்தார்கள். "அங்க வேலை இருந்தா எங்களையும் கூட்டிட்டுப் போங்கண்ணே" என்றார்கள். பார்க்கிறேன் என்றேன். வீட்டு வாசலை எட்டும்போதுதான் தெரிந்தது, வழிநெடுக அவர்களை எண்ணிக்கொண்டே வந்திருக்கிறேன். ஏழு தலை.