எண்பத்தேழு என்றால் எவ்வளவு?

டிராம்பே சாலையில் லாரிகள் ஒதுங்கும் இடத்தில் பிரம்மநாயகத்துக்கு ஒரு தகரப் பெட்டி, ஒரு முக்காலி, இரண்டு கொள்கைகள். ரிலே இல்லாமல் ஃபாக் லைட் மாட்டுவதில்லை என்பது முதல் கொள்கை. கண்ணாடி போடுவதில்லை என்பது இரண்டாவது. தாராவியிலிருந்து தினமும் பஸ் ஏறி வரும் இந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியனுக்கு வயது ஐம்பத்து மூன்று. கண்ணாடி சட்டைப்பையில் இருக்கும், மூக்குக்கு வராது. கண் தெரியாதவனிடம் எவன் வண்டியைக் கொடுப்பான் என்பது அவர் சித்தாந்தம்.

முதல் கொள்கைக்கு விளக்கம் வைத்திருந்தார். "சுவிட்ச் ஆபீசர் மாதிரி வே. கையெழுத்துதான் போடணும். மூட்டை தூக்க ரிலேன்னு ஒருத்தன் இருக்கான். ஆபீசரைத் தூக்கச் சொன்னா கருகிப் போவாரு."

சிராஜ் பாய்க்குப் பன்னிரண்டு லாரிகள். யாரோ ஒருவர் ரிலே இல்லாமல் நேராக வயர் இழுத்துவிட்டதில், ஒரு லாரியின் சுவிட்ச் உருகி டாஷ்போர்டில் வழிந்திருந்தது. அந்த லாரியோடு பாய் வந்தார், நிபந்தனையோடும்.

"மூணு மணிக்கு வருவேன் அண்ணாச்சி. அரை மணி நேரம் லைட் எரியணும், சுவிட்ச் சுடக் கூடாது. சரியா இருந்தா மிச்சம் பதினொரு வண்டியும் உங்களுக்கு. இல்லன்னா செம்பூர்ல வேற ஆளப் பாக்கேன்."

பதினொரு வண்டி! பிரம்மநாயகம் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துக்கொண்டார். போருக்குப் போகும் மன்னர்களும் இவ்வளவு மடித்ததில்லை.

ரிலேயின் அடியில் நான்கு கால்கள். முப்பதில் பேட்டரி, எண்பத்தைந்தில் எர்த், எண்பத்தாறில் சுவிட்ச், எண்பத்தேழில் லைட். வழக்கமான ரிலே என்றால் விரலே வழி சொல்லிவிடும். இது புது மாடல்; கால்கள் இடம் மாறியிருந்தன. எண்களோ கறுப்பின் மேல் கறுப்பாக, எறும்புகளின் வசதிக்காக அச்சிடப்பட்டிருந்தன.

கண்ணாடி பையிலேயே இருந்தது. அந்த லாரியின் டிரைவர் ராஹிலைக் கூப்பிட்டார். ராஹிலும் அவரைப்போலத் திருநெல்வேலிக் குடும்பம்தான், ஆனால் பிறந்து வளர்ந்தது தாராவி. நல்ல தமிழ் பேசுவான், எண்களைத் தவிர.

"நம்பரைப் படில."

"இது பச்சாசி அண்ணாச்சி. இது சத்தாசி. அது சியாசி. கடைசி தீஸ்."

இங்கே ஒரு ராணுவ ரகசியத்தை வெளியிட வேண்டியிருக்கிறது. முப்பத்தொரு வருஷம் பம்பாயில் இருந்தும் பிரம்மநாயகத்துக்கு இந்தியில் ஐம்பதுக்கு மேல் எண் தெரியாது. நான்கில் அவருக்குப் புரிந்தது தீஸ், அதாவது முப்பது, மட்டும்தான்.

"தமிழ்ல சொல்லுல!"

"தமிழ்லயா? சத்தாசின்னா... அது வந்து... அண்ணாச்சி, தமிழ்ல எனக்கு இருபதோட சரி."

ஆக, ஒரே ஊர்க்காரர்கள் இருவருக்கு நடுவில் எண்பத்தேழு அனாதையாக நின்றது. பிரம்மநாயகம் புரிந்ததுபோல் தலையாட்டினார். கேட்கக் கம்பீரமாக இருந்ததால், நிஜத்தில் எண்பத்தைந்தான பச்சாசியை எண்பத்தேழு என்று தீர்மானித்தார். அதில் லைட்டையும், அசல் எண்பத்தேழான சத்தாசியில் எர்த்தையும், மிச்சமிருந்த சியாசியில் சுவிட்சையும் மாட்டினார். சுவிட்சைப் போட்டார்.

ரிலே 'டிக்' என்று கடமையைச் செய்தது. பேட்டரியின் மொத்தக் கரண்டும் லைட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எர்த்துக்கு ஓடியது. ஃபியூஸ் உயிர்த்தியாகம் செய்தது.

மணி இரண்டு முப்பத்தைந்து. பெட்டியில் இன்னும் ஒரே ஒரு ஃபியூஸ்.

"கண்ணாடி பையில இருக்குல்லா அண்ணாச்சி?"

"அது படிக்கதுக்கு வச்சிருக்கேன்."

"இதுவும் படிக்கதுதானே?"

பிரம்மநாயகம் அந்தக் கேள்வியை வரலாற்றின் தீர்ப்புக்கு விட்டுவிட்டு ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தார். "ஏல, இந்த வண்டி முடியுத வரைக்கும் ஒம்பதுக்கு மேல நம்பரே கிடையாது. ஒவ்வொண்ணா உடைச்சுச் சொல்லு."

"ஆட்... பாஞ்ச்."

"எட்டு, அஞ்சு. எர்த்!"

"ஆட், சாத்."

"எட்டு, ஏழு. அடப் பாவி, நீதானா அது! லைட்டு!"

கடைசி ஃபியூஸ் உள்ளே போனது. டிக். இரண்டு விளக்குகளும் பட்டப்பகலை அவமானப்படுத்தின.

மூன்று மணிக்கு வந்த சிராஜ் பாய், நாடி பார்க்கும் வைத்தியர்போல அரை மணி நேரம் சுவிட்சில் கட்டைவிரலை வைத்திருந்தார்.

"குளுகுளுன்னு இருக்கு அண்ணாச்சி. நாளைக்குக் காலையில யார்டுக்கு வந்துருங்க. பதினொண்ணும் நிக்கும்."

"ராஹிலும் இருப்பாம்லா?" பிரம்மநாயகம் வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அவன் இந்த வண்டியில புனே போறான். உங்களுக்கு எதுக்கு ஆளு?"

மறுநாள் காலை யார்டில், பதினொரு லாரிகளின் முன்னிலையில், பிரம்மநாயகத்தின் மூக்கின் மேல் கண்ணாடி இருந்தது.

"என்ன அண்ணாச்சி, புதுசா?"

"தூசி, பாய். உங்க யார்டுல ரொம்பத் தூசி."

முதல் ரிலேயைக் கவிழ்த்துப் பார்த்தார். எண்பத்தேழு, எண்பத்தேழாகவே இருந்தது.