எந்த மலைக்கும் ஆகாத குஞ்சுகள்

தவளைக்குத் தாதி வேலை பார்க்கிறவன் என்று தெருவில் அவனைக் கேலி செய்வார்கள். அக்கா காதில் விழுந்தால் தையல் மிஷினை நிறுத்திவிடுவாள். "ஆமா, தாதிதான். உங்க வீட்ல யாருக்காவது அந்தப் பொறுமை இருக்கா?" எட்டாம் வகுப்போடு நின்றவள் அவள். தம்பி மலைமேல் ஆராய்ச்சி நிலையத்தில் தவளை அறையைப் பார்த்துக்கொள்கிறான் என்று சொல்லும்போது மட்டும் கழுத்து ஒரு சாண் உயர்ந்துவிடும்.

வேலை என்னவோ சின்னதாகத்தான் தெரியும். கண்ணாடித் தொட்டிகளில் பாசி காயாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். பழ ஈக்களை வளர்த்து உணவாகப் போட வேண்டும். மலையில் தவளைகளின் தோலைத் தின்னும் பூஞ்சை நோய் பரவியதால்தான் அந்த அறையே உண்டானது. மிச்சமிருந்தவற்றைப் பிடித்துவந்து காப்பாற்றினார்கள்.

சட்டைப் பொத்தான் அளவுத் தவளைகள் அவை. கிழக்கு மலையில் கொஞ்சம், மேற்கு மலையில் கொஞ்சம். நடுவில் வெயில் காயும் பள்ளம். ஈரமில்லாமல் அரை நாள் தாங்காத உயிர்கள் அதைத் தாண்டுவதில்லை. ஆனாலும் பார்வைக்கு இரண்டும் ஒரே அச்சு. ஒரே வகை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

கிழக்கு மலையிலிருந்து வந்தவற்றில் கடைசியாகத் தங்கியது ஒரே ஒரு பெண். வயிறு புடைத்திருந்ததால் அதற்குக் 'குண்டு' என்று பெயர் வைத்தான். துணை தேடி மலையேறியவர்கள் ஒவ்வொரு முறையும் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

"அக்கா, குண்டு வயிறு முட்ட முட்டையோட உட்கார்ந்திருக்கு. பார்க்கவே பாவமா இருக்கு."

"உனக்குப் பொண்ணு பாருடான்னா, நீ அதுக்கு மாப்பிள்ளை தேடுறியா? மேற்கு மலைக்காரன் எவனாவது சும்மாதானே கிடப்பான். சட்டுபுட்டுனு முடிச்சு வைடா."

அவள் போனில் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. மறுநாளே நிலையத் தலைவி டாக்டரம்மாவிடம் போய் நின்றான். மரபணுச் சோதனைக்கு எப்போதோ அனுப்பியிருந்தார்கள், முடிவு வரவில்லை. "இதுவும் போயிட்டா என்ன செய்றது? ஒரே வகைதானே, சேர்த்துடலாம்" என்றார் டாக்டரம்மா.

மேற்கு மலை ஆண் ஒன்றோடு சேர்த்தார்கள். பாசிக்கடியில் முட்டை வந்தது. இந்த வகைக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டையிலிருந்து நேராகக் கடுகளவு குட்டித் தவளைதான். "அக்கா, நீ அத்தையாயிட்டே!" என்று போனில் கத்தினான். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் அவள் அதைச் சொல்லித் தீர்த்தாள். குண்டு கொஞ்ச நாளில் இறந்தபோதுகூட, வம்சம் இருக்கிறதே என்று இருவரும் மனதைத் தேற்றிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகுதான் சோதனை முடிவு வந்தது. பள்ளம் காய்ந்து இரண்டு மலைகளும் பிரிந்து பல லட்சம் வருஷங்கள். முன்னோர் ஒன்றுதான், ஆனால் இப்போது இவை வேறு, அவை வேறு. கிழக்கு மலை வகை குண்டோடு முடிந்துவிட்டது. குஞ்சுகளை மேற்கு மலையில் விட்டால் அங்கிருக்கும் வகையும் கலந்துபோகும். கிழக்கு மலையில் விடலாம் என்றால் அங்கே நோய் காத்திருக்கிறது. இனி இவை பெருகவும் கூடாது என்று முடிவானது.

கேட்டதும் அக்கா கடையைப் பூட்டிவிட்டு முதல் தடவையாக மலையேறினாள். தம்பி பாதியாக இளைத்திருந்தான்.

"விளையாட்டா சொன்னேன்டா. என் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்."

"நீ சொன்னே. கொண்டுபோய் விட்டது என் கைதானேக்கா."

"சேர்க்காம இருந்திருந்தா?"

"மழைக்குக் கிழக்கு மலையில ஒரு ஆண் வெளிய வந்திருக்கலாம். வராமலும் போயிருக்கலாம். யாருக்குத் தெரியும்?"

தொட்டிக்குள் வளர்ந்த குஞ்சுகளில் ஒன்று கத்தியது. அவள் குனிந்து கேட்டாள். "இது அம்மா ஊர்ப் பாட்டா, அப்பா ஊர்ப் பாட்டா?"

"ரெண்டும் இல்ல. அம்மா ஊர்ல விட்டு விட்டுக் கத்தும். அப்பா ஊர்ல நீட்டி ஒரே இழுப்பு. இது நீட்ட ஆரம்பிச்சு நடுவுல நின்னுடுது."

"கேட்க நல்லாத்தான்டா இருக்கு."

அதுவரை அடக்கி வைத்திருந்தவன் அப்போதுதான் உடைந்து அழுதான். அவள் அவன் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

பிறகு அவன் முகம் கழுவிவிட்டு வந்து, அன்றைக்குச் செய்யவேண்டியதைச் செய்தான். ஆண்களை ஒரு தொட்டிக்கும் பெண்களை இன்னொன்றுக்கும் மாற்றினான். நடுவில் கறுப்புத் துணியைக் கட்டினான். கத்திக்கொண்டிருந்தது புது இடத்திலும் கத்தியது. துணிக்கு இந்தப் பக்கம் ஒரு பெண் தவளை மெல்லத் திரும்பி உட்கார்ந்தது.

"பார்க்காம இருந்தா அடங்கிடும்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"துணி சத்தத்தை மறைக்காதுடா."

"தெரியும்க்கா" என்றான். துணியில் விழுந்திருந்த சுருக்கத்தை விரலால் நீவிக்கொண்டே நின்றான்.