நாக்கில் ஒரு சொட்டு

தம்போயில் எங்கள் வீட்டருகே கார் கழுவும் கடையில் ஒரு வங்காளதேசத்துக்காரர் இருந்தார். நரைத்த தாடி, ஈரத்தில் ஊறி வெளுத்த விரல்கள். நாளெல்லாம் நல்ல தண்ணீரைக் கார்கள்மேல் பாய்ச்சுவார். ஆனால் நான் குடிக்கக் கொடுத்தால், முதல் சொட்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

“என்ன பாய், விஷமா கலந்துட்டேன்?” என்றேன் ஒருநாள்.

சிரித்துவிட்டு, முன்பு வேலை செய்த தமிழர் சாப்பாட்டுக் கடையில் கற்ற தமிழில் சொன்னார்: “இல்லக்கா. எங்க ஊருக்குள்ள கடல் வந்துடுச்சு. குளம் உப்பு, வயல் உப்பு. நெல்லு வரல, நான் இங்க வந்துட்டேன். மழ முடிஞ்சா பொண்டாட்டி குளத்துத் தண்ணி குடிச்சுப் பாக்கும். நல்லா இருந்தா போன் பண்ணும். அன்னிக்கே போயிடுவேன்லா.”

இப்போது கார் கழுவும் கடையில் அவர் இல்லை. அந்தப் போன் வந்ததா, தெரியவில்லை. கோயிலில் தீர்த்தம் வாங்கும்போதெல்லாம் அந்தக் குளம்தான் நினைவுக்கு வருகிறது. தாயே, அது இனித்திருக்க வேண்டும்.