ஜுவைரியா லாத்தாவின் கழுத்துப் போன்

போனில் இலவசமாகக் கிடைப்பதில் பாதி குப்பை. தாராவியில் பன்னிரண்டு வருடமாகப் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் இசக்கிப்பாண்டி சொல்கிறேன், நம்புங்கள். வெறும் டார்ச் அடிக்கிற ஆப்புக்கு நம் சொந்தக்காரர்கள் நம்பரெல்லாம் எதற்கு? பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று வருகிற ஆப்தான் பேட்டரியைக் குடித்துத் தீர்க்கிறது. ரிப்பேருக்கு வரும் போன்களில் இதையெல்லாம், போன்காரரைக் கேட்டுக்கொண்டு, நானே அழித்துவிடுவேன். ஆனால் ஒரே ஒரு இலவச ஆப்பை மட்டும் யாராவது இளக்காரமாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். அது ஜுவைரியா லாத்தாவின் போனில் இருக்கிறது.

என் கடைக்கு எதிரே இருக்கும் தோல் பை பட்டறையில் அவர் கட்டிங் மாஸ்டர். தெருவே அவரை லாத்தா என்றுதான் கூப்பிடும், எனக்கும் அக்கா முறை. மேலப்பாளையத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்தது இங்கே. தமிழ் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரை படித்தவர். வயது நாற்பத்தாறு. எங்கள் சந்தில் வெட்டு மேசையில் நிற்கும் ஒரே பெண் அவர்தான்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து பதினைந்து நாள் படுத்தார். எழுந்தபோது இரண்டு காதும் போயிருந்தன. நரம்பு பாதித்துவிட்டது, மெஷின் வைத்தாலும் பிரயோசனமில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

இந்தப் பட்டறைகளில் அளவை எழுதிக் கொடுக்கும் வழக்கமே இல்லை. ஒருவர் வாயால் சொல்வார், வெட்டுகிறவர் உரக்கத் திருப்பிச் சொல்வார், உடனே கத்தி இறங்கும். முதலாளி பைசானுக்கு முப்பது வயது. அப்பா இறந்தபிறகு பட்டறையை ஏற்றுக்கொண்டவன். லாத்தாவுக்காக இரண்டு நாள் துண்டுச் சீட்டில் எழுதிப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் எழுத வராது, அவன் எழுதும் இங்கிலீஷ் அவருக்குப் புரியாது. மூன்றாம் நாள் அலுத்துப்போய், "பக்ரீத் வரைக்கும் பார்ப்போம் லாத்தா. அப்புறம் வீட்ல இருந்து, தெச்ச பையில பிசிறு நூல் வெட்டிக் குடுங்க" என்று பாதி வாயாலும் பாதி கையாலும் சொல்லிவிட்டான்.

அன்றைக்கே லாத்தா என் கடைக்கு வந்தார். "நூல் வெட்டவா நான் இருவது வருசமா கத்தி பிடிச்சேன்? பாண்டி, இந்தப் போன்ல ஏதாச்சும் வழி இருக்கா? இருந்தா காட்டு. இல்லன்னா இல்லன்னு சொல்லு." தன் குரல் தனக்குக் கேட்காததால் சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

பேசுவதைக் கேட்டு எழுத்தாகக் காட்டும் ஆப் ஒன்றை இறக்கிக் கொடுத்தேன். அதில் நான் ஒரு மடத்தனம் செய்தேன். பட்டறையில் எல்லோரும் ஹிந்திதானே பேசுகிறார்கள் என்று மொழியை ஹிந்தியில் வைத்துவிட்டேன். மறுநாள் காலை போன் என் மேசையில் தொப்பென்று விழுந்தது. ஹிந்தியில் அவர் யாரையும் வாங்கு வாங்கென்று வாங்குவார். ஆனால் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது.

தமிழுக்கு மாற்றினேன். இப்போது ஹிந்தி பேசினால் போன் கண்டபடி உளறியது. லாத்தா அசரவில்லை. "எங்கிட்டப் பேசணும்னா தமிழ்ல பேசுங்க" என்று பட்டறையில் சட்டம் போட்டார். பீகார் பையன்கள் விரலால் எண்ணைக் காட்டிச் சமாளித்தார்கள். பைசானுக்குத்தான் சங்கடம். தமிழ் பேசிவிடுவான், ஆனால் எண்ணுவதெல்லாம் ஹிந்தியில்.

தையல் மெஷின் சத்தத்தில் போன் எதையும் பிடிக்கவில்லை என்றதும், பேச வந்தவர்களைச் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தார். போனைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "டிவி ரிப்போர்ட்டர் வந்தாச்சு" என்று சந்தில் சிரித்தார்கள். வீட்டில் மகள் சபாவை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசச் சொல்லி, ஓடுகிற எழுத்தைக் கண்ணால் துரத்திப் பழகினார். நெட் இழுக்கும்போது எனக்கே பொறுமை போய்விடும், அவருக்குப் போகவில்லை.

பக்ரீதுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாட்டுங்காவிலிருந்து வேங்கடசுப்ரமணியன் சார் வந்தார். ஆபீஸ்களுக்குப் பை வாங்கிக் கொடுப்பவர். அறுபது லாப்டாப் பை சொல்லியிருந்தார். தோல் முழுக்க வெட்டி, பன்னிரண்டு பை தைத்தும் ஆகிவிட்டது. வாசலிலேயே நின்று தன் லாப்டாப்பை ஒரு பைக்குள் நுழைத்துப் பார்த்தார். போகவில்லை.

"பதினாறு இன்ச்சுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

பைசான் லாத்தாவைக் கையால் காட்டினான். "இவங்களுக்குக் காது கேக்காது சார், தப்பா வெட்டிட்டாங்க. பாவம்னு வெச்சிருக்கேன். பக்ரீதுக்கு அப்புறம் வேற ஆள் வருவான்."

லாத்தா பக்கத்திலேயே நின்றார். காது கேளாதவர் முன்னால் எதையும் பேசலாம் என்ற நினைப்பு அவனுக்கு. கழுத்தில் தொங்கிய போனை மறந்துவிட்டான். அது ஒரு வார்த்தை விடாமல் எழுதியது, லாத்தா படித்தார். நான் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அழுவார் என்று நினைத்தேன். அவர் விரலால் திரையை மேலே தள்ளினார், முந்தாநாள் பேச்சு வரும்வரை தள்ளினார். பிறகு போனை அவன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

பைசான் எழுத்துகளை விழித்துப் பார்த்தான்.

"படிக்க வராதுல்லா? நான் படிக்கேன். 'லாப்டாப் பை, அகலம் பதினாலு, அறுபது பீஸ்.' நான் கேட்டது, 'பதினாலா?' நீ சொன்னது, 'ஆமா லாத்தா, பதினாலு.'" பட்டறைக்கு மட்டுமல்ல, சந்து முனை வரைக்கும் கேட்டது. மெஷின்கள் நின்றன.

"நான் சோலாதான சொன்னேன்..." என்றான் பைசான். சோலா என்றால் ஹிந்தியில் பதினாறு.

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "பதினாலுன்னுதான் இருக்கு. மனசுல சோலாவை வெச்சுண்டு தமிழ்ல தப்பாச் சொல்லியிருக்கேள். அந்த அம்மாமேல பழியைப் போடாதேங்கோ."

"மாஃப் கரோ லாத்தா..." என்று பைசான் ஹிந்தியில் மன்னிப்புக் கேட்டான்.

"தமிழ்ல சொல்லு."

அவன் தலை குனிந்தான். "தப்பு என்னுது லாத்தா. நீங்க சரியாத்தான் வெட்டுனீங்க."

லாத்தா அதை நிதானமாகப் படித்தார். "அளவு தப்புல எனக்கும் பங்கு உண்டு. டேப்புல காட்டச் சொல்லி வாங்கியிருக்கணும், இனி வாங்குவேன். ஆனா பாவம்னு சொன்னியே, அதை நான் தாங்க மாட்டேன். உங்க வாப்பா கடைசிவரைக்கும் என்னை மாஸ்டர்னுதான் கூப்பிட்டாரு. இப்ப சொல்லு. பக்ரீதுக்கு அப்புறம் அந்த மேசையில யாரு?"

பைசான் போனுக்கு நெருங்கி வந்து, அது பிழையில்லாமல் பிடிக்க வேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னான். "நீங்கதான், மாஸ்டர்."

லாத்தா திரையை ஒரு நொடி பார்த்தார். பிறகு சார் பக்கம் கையை நீட்டி, "லாப்டாப்பைக் குடுங்க சார், நானே அளந்துக்கிடுதேன்" என்றார். அதை மேசையில் வைத்து, புதுத் தோலை விரித்து, டேப்பைப் பிடித்துக் கோடு போட்டுவிட்டுக் கத்தியை எடுத்தார்.